டேப்பெட் இல்லை, மேனிஃபோல்டு கேஸ்கெட்

பெட்ரோல் பங்க்கில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒரு மீட்டர் ரப்பர் குழாயை நீட்டிய பெயர் தெரியாத அண்ணனுக்கு நன்றி. என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் ‘டிக் டிக்’ சத்தம், பத்து நிமிடத்தில் காணாமல் போகும். பழைய கார் என்றாலே “டேப்பெட் (இன்ஜின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம்) அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்பார்கள். ஆனால் புகைக் கசிவும் இதே சத்தம் தரும்.

அவர் காட்டிய வழி இது: குழாயின் ஒரு முனை காதருகே, மறுமுனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள்) ஓரமாக, ஃபேன், பெல்ட் பக்கம் போகவே கூடாது. கசிவுள்ள இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று காதில் அறையும். டேப்பெட் என்றால் இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவர் மேல்தான் தெளிவாகக் கேட்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே பார்க்க வேண்டும். சூடானால் இரும்பு விரிந்து இடைவெளி அடைபட்டுவிடும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுபோகும் மர்மம் அதுதான்! என் காரில் மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தது, மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் கடைசி ஸ்டட் (நட்டு மாட்டும் மரையாணி) முறிந்திருந்தது.

நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள் என்றதற்குத் தனி நன்றி. ஊதிப்போன கேஸ்கெட் மறுபடி ஒட்டாது. புது கேஸ்கெட், புது ஸ்டட் போட வேண்டும். மேனிஃபோல்டு முகப்பு கோணியிருக்கிறதா என்று இரும்பு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். கசியும் புகை காருக்குள் வரக்கூடும் என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.