நாற்பது கட்டிலுக்கும் 20

பெரம்பூர், சென்னை

அன்புள்ள ஸ்டெல்லா,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன், பதில்தான் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பிசியோதெரபிக்கு மட்டும் போகமாட்டாராம். லீட்ஸிலிருந்து நீ அனுப்பிய கம்பளி ஸ்வெட்டரைச் சென்னையில் எந்த மாதம் போடுவது என்று என்னைக் கேட்கிறார். நீயே சொல்லிக்கொள். என் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவன் பிளஸ் டூ என்பதால் யாரும் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. மெட்ரோக்காரர்கள் தோண்டுவதை இன்னும் நிறுத்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸாப்பில் தட்டினால் பாதியில் விட்டுவிடுவேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் நர்சிங் காலேஜில் என்னிடம் படிக்கும் ஒரு பெண், நாலாவது செமஸ்டர். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். நம் வகுப்பு ஊமைக்கோட்டான் ரகம். (நம் கோட்டான் இப்போது மஸ்கட்டில் வார்டு இன்சார்ஜ், போனில் பிடித்தால் விடமாட்டேன் என்கிறாள்.) இந்தப் பெண்ணுக்கு சர்ஜரி வார்டில் போஸ்டிங். அவள் எடுத்துக்கொண்ட கேஸ், முந்தின நாள் பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்த பெரியவர். பல வருடமாக பிபிக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர்.

காலை சார்ட்டைப் பார்: பல்ஸ் 82, பிபி 114/72, ஜுரம் இல்லை, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 97, மூச்சு நிமிடத்துக்கு 20. வயிற்றிலிருந்து கசிவை வெளியே எடுக்கும் ட்ரெய்ன் குழாயில் ஒன்றும் பெரிதாக இல்லை. அட்மிஷன் அன்று 158/96 இருந்த பிபி இப்போது நன்றாக இறங்கிவிட்டது என்று ரவுண்ட்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். வார்டில் நாற்பது கட்டில். நாற்பது பேருக்கும் மூச்சு 20. நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நாம் படித்தபோதும் 20தானே! தைலம் மேடம் ஒரு தடவை, இறந்துபோன ஆளுக்கும் 20 எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துப் போட்ட ஆட்டம் நினைவிருக்கிறதா?

பல்ஸுக்கும் சாச்சுரேஷனுக்கும் விரலில் ஒன்றை மாட்டினால் எண் வந்துவிடுகிறது. பிபிக்கு மெஷின் இருக்கிறது. மூச்சை எண்ணத்தான் பக்கத்தில் ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தப் பெண் நின்றிருக்கிறாள். 28 வந்திருக்கிறது. நம்பாமல் திரும்ப எண்ணினாளாம், அப்போதும் 28.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். யூரின் பேக்கைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் 45 மில்லி. பெரியவருக்கு 70 கிலோ எடை, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்று வைத்தாலே 70 வந்திருக்க வேண்டும். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. அவர் போர்வையைத் தள்ளுவதும் இழுப்பதும் தண்ணீர் கேட்பதுமாக இருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த மனைவியிடம், “இவர் எப்பவும் இப்படித்தானா அம்மா?” என்று கேட்டிருக்கிறாள். “இல்ல பாப்பா, இவரு அசையாம கிடக்கிற ஆளு. காலையிலேருந்துதான் இப்படி நொய் நொய்ங்கிறாரு.” வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். எல்லாம் நார்மலாகத்தானே இருக்கிறது, வலியாக இருக்கும் என்று பதில் வந்தது. அப்புறம் என்னிடம் வந்தாள்.

நான் என்ன என்று கேட்டதும் இங்கிலீஷில் ஆரம்பித்து, “மேடம், பேஷண்ட்... பேஷண்ட் இஸ்...” என்று நின்றுவிட்டாள். தமிழில் சொல்லம்மா என்றேன். கொட்டினாள் ஸ்டெல்லா! “மேடம், இவருக்கு 114 நார்மல் இல்ல. இவரோட நார்மல் 158. நாப்பதுக்கு மேல இறங்கியிருக்கு. ரத்தம் போனா பல்ஸ் ஏறணும், ஆனா அட்டெனலால் மாத்திரை ஏறவிடாது. அதனால பல்ஸை நம்பக் கூடாது. மூச்சு ஏறியிருக்கு, யூரின் குறைஞ்சிருக்கு, கால் ஜில்லுனு இருக்கு. ட்ரெய்ன் அடைச்சிருந்தா வெளியே ஒண்ணும் தெரியாது. உள்ளே ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு.” மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பிஜி டாக்டரைக் கூப்பிட்டோம், அவர் நல்ல மனுஷர், உடனே வந்தார். மதியத்துக்குள் பெரியவரைத் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் போட்ட கட்டு ஒன்று நழுவியிருந்தது. ஆள் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

உங்கள் ஊரில் நீ தினமும் நிரப்புகிறாயே, நோயாளி மோசமாகிறாரா என்று ஒவ்வொரு எண்ணுக்கும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நியூஸ் 2 சார்ட், அதில் இவருடைய எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூச்சு 20 என்று போட்டால் மொத்தமே பூஜ்யம், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. 28 என்று போட்டால் அந்த ஒரு கட்டத்துக்கே 3, உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டிய ஆள். பல்ஸ், பிபி எல்லாம் அப்போதும் பூஜ்யம்தான். அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வார்டு சிஸ்டரைக் குறை சொல்லவில்லை. டீச்சிங் ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. அந்தக் காலையில் அவர் ஒருவர், கட்டில் நாற்பது. பென்சில்வேனியாவில் லிண்டா ஐகன் குழு ஆபரேஷன் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றார்கள். அந்தக் கணக்கை நம் வார்டில் போட எனக்குத் தைரியம் இல்லை.

கோபம் வந்தது அடுத்த வாரம். அவள் அதே கேஸை ப்ரெசென்ட் செய்தாள். முதல் கேள்வியே, “நர்சிங் டயக்னோசிஸை ஃபார்மேட்டில் சொல்லு.” ரிலேட்டட் டு (காரணம்) என்ன, எவிடன்ஸ்ட் பை (அறிகுறி) என்ன என்று அவள் தடுமாறினாள். கேர் பிளானில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மார்க் குறைந்தது. அவளுக்கு முன்னால் வந்த பையன் சீனியரின் ரெக்கார்டைக் காற்புள்ளி மாறாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் கேர் பிளானில் முதல் பிரச்சினை ‘அக்யூட் பெயின்’. நோயாளிக்கு வலியே இல்லை என்று அவனே ஹிஸ்டரியில் எழுதியிருக்கிறான். அவனுக்கு மார்க் அதிகம்! நான் பேசினேன். “கற்பகம் மேடம், யூனிவர்சிட்டி எக்ஸாமினர் ஃபார்மேட்டைத்தானே பார்ப்பார்” என்றார்கள். அதுவும் பொய் இல்லை, அதனால்தான் இன்னும் எரிகிறது.

இதையெல்லாம் யாரும் யோசிக்காமல் இல்லை. நர்ஸ் யோசிக்கும் வழியை நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டீன் டேனர் 2006இலேயே எழுதிவிட்டார்: கவனிப்பது, பொருள் புரிந்துகொள்வது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. நோயாளியின் வழக்கமான நிலையை அறிந்திருப்பதில்தான் நல்ல தீர்ப்பு நிற்கிறது என்பது அவர் கட்சி. நம் பெண் அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வி அதுதானே. ஆஸ்திரேலியாவில் லெவெட்-ஜோன்ஸ் குழு 2010இல் இப்படி யோசிப்பதற்கான எட்டுப் படிகளை வட்டமாகப் போட்டுக் கொடுத்தார்கள். அருமையான வட்டம். அதை போர்டில் வரைந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து உடனே கேள்வி: “மேடம், இது எத்தனை மார்க் கொஸ்டின்?” அழித்துவிட்டேன். அந்த எட்டையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், வார்டுக்குப் போய் 20 எழுதுவார்கள்.

புது சிலபஸில் பொம்மையை வைத்துப் பழகும் சிமுலேஷன் இருக்கிறது, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது. பேப்பரில் எல்லாம் பிரமாதம். எங்கள் லேபில் இருக்கும் பொம்மை வந்த நாளில் போர்த்திய பிளாஸ்டிக்கோடு படுத்திருக்கிறது. சாவி ஸ்டோர் கீப்பரிடம், ஸ்டோர் கீப்பர் லீவில். இன்னொரு வேடிக்கை கேள். அமெரிக்காக்காரன் 2023 ஏப்ரலில் நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையான என்கிளெக்ஸை மாற்றி, கேஸைக் கொடுத்து எதைக் கவனிக்கிறாய், எதை முதலில் செய்வாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். அதனால் கோச்சிங்குக்குப் போகும் ஃபைனல் இயர் பிள்ளைகள் என்னிடம் வந்து, “மேடம், நீங்க கேக்கிற மாதிரியே அங்கேயும் கேக்கிறாங்க” என்கிறார்கள். டெக்சாஸ் நோயாளிக்காக யோசிக்கக் காசு கட்டிப் படிக்கிறோம், ராயபுரத்து நோயாளிக்கு 20.

சரி, புலம்பல் போதும். நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், காலையில் வார்டில் கேர் பிளானை வாசிக்கவிடுவதில்லை. நோட்டை மூடச் சொல்கிறேன். கட்டில் பக்கத்தில் நிற்கவைத்து, “இவருக்கு சாயங்காலத்துக்குள் என்ன ஆகிவிடுமோ என்று உனக்குப் பயம்?” என்று கேட்கிறேன், நோயாளி காதில் விழாமல்தான். அப்புறம், அது வருவதாக இருந்தால் முதலில் எங்கே தெரியும், வேறு என்னவாக இருக்கலாம், இப்போது போய் எதைப் பார்ப்பாய். யோசிப்பது தமிழில், டாக்டரிடம் சொல்லும்போது இங்கிலீஷில். பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள்! மூச்சை எண்ணுகிறார்கள், 20ஐத் தவிர வேறு எண்கள் சார்ட்டில் வர ஆரம்பித்திருக்கின்றன. வார்டு இன்சார்ஜ் என்னைப் பார்த்து முறைக்கிறார்.

இடிக்கும் இடங்களும் இருக்கின்றன. டாக்டரிடம் சொல்ல எஸ்பார் என்ற நாலு படி முறையைச் சொல்லிக்கொடுத்தேன். நிலவரம், பின்னணி, நான் என்ன நினைக்கிறேன் வரை சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்ற கடைசி வரியில் எல்லோருக்கும் தொண்டை அடைக்கிறது. டாக்டருக்கு நாம் சொல்வதா என்று வீட்டிலேயே பழக்கி அனுப்பிய பிள்ளைகள். நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பெனர் 1984இல் சொன்னபடி புதிதாக வருகிறவர்கள் விதியைப் பிடித்துத்தான் நடப்பார்கள், முழு நிலவரமும் சட்டென்று கண்ணில் படுவது அனுபவத்தில்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலாவது செமஸ்டர் பெண்ணுக்கு அட்டெனலால் பாடத்தையும் ஷாக் பாடத்தையும் ஒரே கட்டிலில் சேர்க்கத் தெரிந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? எத்தனை பேர் இப்படிச் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார்களோ.

இப்போது உன் உதவி. என் சத்தம் தாங்காமல் பிரின்சிபால், “எதற்கு எவ்வளவு மார்க் என்று நீயே ஒரு ஷீட் எழுதிக் கொடு, அடுத்த செமஸ்டருக்குப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்து ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். போன வாரம் ஒரு பையன், மூச்சுவாங்கும் பாட்டிக்கு ட்ரிப்ஸ் அதிகமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றான். கால் வீக்கம், இன்டேக் கணக்கு, படுத்தால் மூச்சு முட்டுவது என்று ஒவ்வொன்றாக எடுத்து அழகாகச் சொன்னான். கடைசியில் எக்ஸ்ரேயில் நிமோனியா. யோசித்த வழி சரி, போய்ச் சேர்ந்த இடம் தவறு. பக்கத்தில் நின்ற பெண் குருட்டாம்போக்கில் நிமோனியா என்றாள், காரணம் கேட்டால் தெரியவில்லை. யாருக்கு எத்தனை மார்க்? அவனுக்கு அதிகம் கொடு என்று மனசு சொல்கிறது, ஆனால் நாளைக்கு அவன் தனியாக நைட் டியூட்டியில் நிற்பானே என்றும் தோன்றுகிறது. புதிதாகச் சேருகிறவர்களை அங்கே நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்? இதற்கு மட்டும் குரல் பதிவு அனுப்பாதே, எனக்கு எழுத்தில் வேண்டும். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பழகின கண்தான்.

டிசம்பரில் வருகிறாயா இல்லையா? டிக்கெட் போட்டதும் சொல். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன்,
கற்பகம்