துக்கத்துல இருக்கவங்க எப்படி ஜெபிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஆன்மிகப் பக்கத்துல ஜெப வாழ்க்கையைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். காலைல நேரம் ஒதுக்கணும், வேதம் வாசிக்கணும், முதல்ல நன்றி சொல்லணும், எல்லாம் சரிதான், ஆனா ஜெபிக்கவே வாய் வராம இருக்கவங்களுக்கு அதுல ஒரு வரி கூட இல்லையேன்னு வருத்தமா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்க அத்தை மகன் பைக் ஆக்சிடென்ட்ல இறந்துட்டான். துக்கம் கேக்க வந்தவங்கெல்லாம் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்"னு சொல்லி ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க, நல்ல மனசோடதான் சொன்னாங்க, அத்தையும் எல்லாத்துக்கும் ஆமென் சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க பைபிளைத் தொடவே இல்ல. குடும்ப ஜெபத்துல பாட்டு முடிஞ்சதும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவாங்க. ஒரு நாள் என்கிட்ட மட்டும் சொன்னாங்க, "ஏளா, வாயத் திறந்தா ஆண்டவரைத் திட்டிருவேனோன்னு பயமா இருக்கு."

அந்த பயத்தை யார் குடுத்தது? நாமதான். துக்கம் கேக்க வந்தவங்க சொன்ன அந்த வசனம், பிள்ளைங்களையும் சொத்தையும் ஒரே நாள்ல இழந்த யோபு சொன்னது. பைபிள்ல அவர் பேர்ல இருக்க புத்தகத்துல முதல் அதிகாரத்துல இருக்கு, மொத்தம் 42 அதிகாரம். மூணாவது அதிகாரத்துலயே அவர் பிறந்த நாளைச் சபிக்கிறாரு, அப்புறம் பக்கம் பக்கமா ஆண்டவர்கிட்ட ஏன் ஏன்னு வழக்காடுறாரு. கடைசில ஆண்டவர் யார் மேல கோவப்பட்டாரு? நீ பாவம் செஞ்சிருப்ப, அதான் இப்படின்னு ஆண்டவருக்காகப் பேசுன சிநேகிதங்க மேல. என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்க பேசலைன்னு அவங்களைத்தான் கண்டிக்கிறாரு. இதை துக்க வீட்டுல யாரும் வாசிச்சு நான் கேட்டதில்ல.

பைபிள்ல இருக்க பாட்டுப் புத்தகம், சங்கீதத்தை எடுத்துக்கோங்க. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்குது. அதுவாவது கடைசில ஸ்தோத்திரப் பாட்டா மாறிடுது, 88 அப்படி கூட மாறல, இருட்டுலயே முடியுது, கடைசி வசனத்துல கூட ஒரு ஸ்தோத்திரம் கிடையாது, ஆனா அதையும் ஆலயத்துல பாடுன கோராகின் புத்திரரோட பாட்டுன்னுதான் வச்சிருக்காங்க. பிள்ளை இல்லாத அன்னாள் மனசு கசந்து அழுது ஜெபம் பண்ணினப்ப ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நெனச்சாரு, ஆண்டவர் அப்படி நெனைக்கல. சிலுவைல இயேசு சாமியே "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு 22ஆம் சங்கீதத்தைத்தானே சொன்னாரு!

அப்போ எகிப்துல இருந்து வெளிய வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்துல ஆண்டவருக்கு விரோதமா முறுமுறுத்தது தப்பில்லையான்னு கேப்பீங்க. அவங்க கூடாரத்துக்குள்ள உக்காந்து ஆண்டவரைப் பத்தி பேசுனாங்க, 88ஆம் சங்கீதக்காரர் அதே வேதனையை "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்"னு அவர் முகத்துக்கு நேரா சொல்றாரு, எனக்கு அதுல பெரிய வித்தியாசம் தெரியுது. கோவத்தை உள்ள வச்சிக்கிட்டு வாய்ல ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொன்னா ஜெபப் பழக்கம் வேணா நிக்கும், ஆண்டவர்கிட்ட நெருக்கம் வராதுங்க.

அத்தைகிட்ட 13ஆம் சங்கீதத்தை வாசிச்சேன். மொத்தமே ஆறு வசனம், ரெண்டாவது வசனத்துல நிறுத்துன்னு கையைப் புடிச்சிட்டாங்க, மீதி இப்ப என்னால சொல்ல முடியாதுன்னாங்க. சரின்னு அந்த ரெண்டு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்ப சொல்லி அழுதோம், பையன் செத்த பிறகு அவங்க ஆண்டவர்கிட்ட நேரா பேசுனது அதுதான். இப்பவும் அவங்க பழைய மாதிரி ஆயிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடுப்படிக்குப் போறதில்ல, ஜெபத்துல உக்காருறாங்க.

உங்க பேப்பரை போதகர்களும் நிறைய பேரு படிக்கிறாங்க. அடக்க ஆராதனை முடிஞ்சு வீட்டு ஜெபத்துக்குப் போறப்ப இந்த சங்கீதங்களையும் வாசிங்க, உடனே ஆறுதல் சொல்லணும்னு அவசரப்படாதீங்க. நீங்களும் ஆன்மிகப் பக்கத்துல இவங்களுக்காக ஒரு கட்டுரை போட்டீங்கன்னா அதை அத்தைக்கும் எங்க சபையில இன்னும் ரெண்டு மூணு வீட்டுக்கும் நானே கொண்டு போய் குடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை