ராஜஸ்தான் பயணத்தில் நீங்கள் கொடுத்த காரும், பிடித்துக்கொண்ட ரூ. 11,850-ம்: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
செல்ஃப் டிரைவ் கார் பிரிவு,
சென்னை அலுவலகம்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முதல் ஆறும் மின்னஞ்சல். ஆறுக்கும் 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்' என்ற ஒரே பதில், அனுப்பிய நிமிடமே வந்து விழுந்தது. அதனால்தான் இந்தத் தடவை தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். (பதிவுத் தபாலை இப்போது அதோடு சேர்த்துவிட்டார்கள்.) 34 வருஷம் தபால் துறையில் இருந்தவன். கடிதத்தை வாங்கியவர் யார், எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார் என்பதை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியும்.

ஜனவரி 8 முதல் 19 வரை 12 நாளுக்கு உங்கள் வண்டியை ஜோத்பூரில் எடுத்தேன். வாடகை 31,200, முன்பணம் 15,000. நான் போன வழி நானாக யோசித்ததல்ல, உங்கள் செயலியிலேயே இருக்கும் பாலைவனப் பயணத் திட்டம்தான். ஓசியான், பலோடி, கீச்சன், ஜெய்சல்மேர், பாலைவனத் தேசியப் பூங்கா, பிகானேர், தால் சாப்பர், மண்டாவா, அப்புறம் திரும்ப ஜோத்பூர். ஒவ்வொரு ஊராக நின்று, டீ குடித்து, அவசரமே இல்லாமல் தனியாகப் போய்வர வேண்டும் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த பயணம்.

முதல் இரண்டு நாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியை ஒப்படைத்த ஜோத்பூர்ப் பையன் நல்ல பையன், அவன்மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். மெஹ்ரான்கர் கோட்டை பார்த்தேன். கேஜர்லிக்குப் போனேன். 1730இல் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரை விட்ட இடம். அந்த மரம் நம் வன்னிதான். எங்கள் ஊர்க் கோயிலில் சுற்றி வந்து கும்பிடுகிற மரத்துக்காக அங்கே ஒருத்தர் பின் ஒருத்தராகக் கட்டிப்பிடித்து நின்றிருக்கிறார்கள். திரும்பும் வழியில் வயலோரம் வெளிமான்கள் ஆடு மாதிரி பயமில்லாமல் மேய்ந்தன. கோடியக்கரையில் வெளிமான் பார்த்தவன்தான் நான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஜனவரி 11 காலைக்கு வருகிறேன். எல்லாம் கெட்டது அன்றைக்குத்தான்.

முந்தின இரவு பலோடியில் தங்கினேன். 2016 மே மாதம் 51 டிகிரி அடித்த ஊர் அது. ஜனவரி விடியற்காலையில் விரல் மரத்துப்போகிற குளிர். அங்கிருந்து கீச்சன் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் குர்ஜா என்ற வலசைப் பறவைகள் அங்கே காலையில் தானியம் கொத்த இறங்கும். ஊர்க்காரர்கள் வேலி போட்ட முற்றத்தில் அவற்றுக்காகவே தானியம் இறைத்து வைக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணமே. மற்றதெல்லாம் வழியில் வருகிற ஊர்கள்.

5.50க்கு வண்டியில் ஏறினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்திருக்கிறீர்களே அந்தக் கறுப்புப் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னிவிட்டு நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வாடகை பாக்கி என்று சென்னையிலிருந்தே வண்டியைப் பூட்டியிருக்கிறீர்கள். 12 நாள் வாடகையும் டிசம்பரிலேயே கட்டி, ரசீதும் கையில் வைத்திருக்கிறேன். உங்கள் சேவை எண்ணைக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்துப் போகிறேன் என்றேன். 'வண்டியை விட்டு நகராதீங்க சார், இருபது நிமிஷத்துல டெக்னீஷியன் வந்துடுவார்' என்றார்கள். அந்த இருபது நிமிஷம் 11.20 வரை நீண்டது. டெக்னீஷியன் வரவும் இல்லை. கடைசியில் நீங்களே அங்கிருந்து ஏதோ அழுத்தித் திறந்துவிட்டீர்கள். அதை ஆறு மணிக்கே அழுத்தியிருக்கலாம்.

ஏழரை மணி இருக்கும். ஒரு கையில் ஃபோன், காதில் உங்கள் ஹோல்டு இசை. தலைக்கு மேலே முதல் கூட்டம் போனது. நீளமான, கோணலான ஒரு வரிசை. கழுத்து கறுப்பு, கண்ணோரம் வெள்ளை இறகு என்று படத்தில் பார்த்ததெல்லாம் அவ்வளவு உயரத்தில் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. லாட்ஜ் வாசலில், திறக்காத காருக்குப் பக்கத்தில் சால்வை போர்த்திக்கொண்டு நின்று, நான் பார்த்த குர்ஜா அவ்வளவுதான்.

அப்போதுதான் உங்கள் மேலதிகாரி என்று ஒருவர் இணைப்பில் வந்தார். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்தார். கீச்சன், பறவை, நேரம் எல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'கொக்கு பாக்கவா சார் இவ்ளோ தூரம் போனீங்க? வேடந்தாங்கலுக்குப் போயிருக்கலாமே!' பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது.

அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், அது கொக்கு இல்லை. வேடந்தாங்கலுக்கு அவர் பிறப்பதற்கு முன்னாலிருந்தே போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே கூழைக்கடா வரும், நத்தைகுத்தி நாரை வரும். குர்ஜா பார்க்க அங்கே போகச் சொன்னால், திருவாரூர்த் தேர் பார்க்க டிப்போவுக்குப் போகச் சொன்ன மாதிரி. கீச்சன் 2025இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். உங்கள் செயலியில் அந்தப் பறவையின் படத்தைப் போட்டுத்தான் திட்டத்தையே விற்கிறீர்கள். எதை விற்கிறோம் என்று விற்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

சரி, மறுநாள் காலை போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் ஆட்கள் விட்டால்தானே? 'இன்று மாலை ஐந்துக்குள் ஜெய்சல்மேர் மையத்தில் பெட்டியை மாற்றாவிட்டால் வண்டி மறுபடி பூட்டிக்கொள்ளும்' என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். சுமார் 160 கிலோமீட்டர் ஓட்டிப் போனேன். நீங்கள் காட்டிய இடத்தில் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை, ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அந்த மையத்தை தீபாவளியோடு மூடிவிட்டார்கள் என்று பக்கத்துக் கச்சோரிக்கடைக்காரர் சொன்னார். என்னை மாதிரி வாரத்துக்கு ரெண்டு பேர் வந்து நிற்கிறார்களாம். கச்சோரிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இழப்பீடு அதுதான்.

இன்னொன்றை விட்டுவிட்டேன். பெட்டியை மாற்றாமலேதான் 13ஆம் தேதி தேசியப் பூங்காவுக்குப் போனேன். பூங்காவுக்குள் சுதாசரி என்ற இடத்தின் பக்கம் இறங்கி நடந்துவிட்டு வந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை. உங்கள் வண்டிக்குச் சாவி கிடையாது, ஃபோனில் சிக்னல் இருந்தால்தான் கதவே திறக்கும். பாலைவனத்தில் சிக்னலுக்கு எங்கே போவது? தண்ணீரும் பிரஷர் மாத்திரையும் உள்ளே மாட்டிக்கொண்டன. ஒரு புண்ணியவான் பைக்கில் ஏற்றி ஆறு கிலோமீட்டர் கூட்டிப்போனார். அங்கிருந்து ஃபோனில் உங்களைப் பிடித்தேன். 'சிக்னல் இருக்கிற இடமாப் பார்த்து பார்க் பண்ணணும் சார்' என்றார்கள். மே மாதமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை என் மகன் எழுத வேண்டி வந்திருக்கும்.

அன்றைக்குக் கானமயில் என்ற அரிய பறவையும் கண்ணில் படவில்லை. உலகத்திலேயே 150 சொச்சம்தான் மிச்சம் என்கிறார்கள், அதற்கு உங்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் பாதிக் குறை உங்களுடையதுதான். பார்க்க வைத்திருந்த மூன்று மணி நேரமும் பைக்கில் போய்விட்டதே!

அதன்பிறகு வண்டியை ஜெய்சல்மேருக்கு இழுத்து வந்தார்கள். இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். ஊர் நன்றாகத்தான் இருந்தது. 1156இல் கட்டின கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், குறுகின சந்துகளில் துணி காய்கிறது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. தால் சாப்பரும் மண்டாவாவும் கைவிட்டுப்போயின, பிகானேரோடு திரும்பினேன்.

இவ்வளவுக்கும் பிறகு முன்பணத்தில் 11,850 பிடித்திருக்கிறீர்கள். 'எல்லைப் பகுதிக்குள் நுழைந்ததற்கு' 5,000. நான் போனது சம் மணல்மேடு, உங்கள் திட்டத்தில் ஆறாவது நாள், ஒட்டகப் படத்தோடு. 'இழுவை வண்டிக்கு' 4,500. பூட்டியது நீங்கள், இழுத்த கூலி என் தலையில். 'உள்ளே மணல் சுத்தம் செய்ததற்கு' 2,350. பாலைவனத்துக்கென்று கொடுத்த வண்டியில் மணல் இல்லாமல் வேறென்ன இருக்கும், காவிரி வண்டலா?

நான் சண்டைக்காரன் இல்லை. மரியாதையாகவே கேட்கிறேன். பிடித்த 11,850, வீணான நான்கு நாள் வாடகை 10,400, ஆக 22,250 ரூபாயை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்த அதிகாரி எழுத்து மூலமாக, தமிழில், இரண்டு வரி வருத்தம் தெரிவிக்கட்டும். இதோடு விட்டுவிடுகிறேன்.

இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போகும். அடுத்தது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குத்தான் சென்னையிலிருந்து ரயில் டிக்கெட் செலவு. அங்கே 22,250 என்று நிற்க மாட்டேன், அந்த ஒரு காலைக்கு மட்டும் ஐம்பதாயிரம் கேட்பேன். எனக்கு 63 வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்தது. மறுபடி அங்கே போவேனா என்று தெரியாது. ஐந்து லட்சம் கேட்டாலும் தகும் என்று என் மனைவி சொல்கிறாள்.

அழைப்புப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ஜனவரி 11 காலை 7.40 அழைப்பை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள், அந்தச் சிரிப்போடு சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாடகை ரசீது, முன்பணப் பிடித்தக் கணக்கு, ஷட்டர் இறங்கிய கடையின் படம்.

பி.கு.: வண்டியின் டேஷ்போர்டு அறையில் நீல அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றை விட்டுவிட்டேன். நான் பார்த்த பறவைகளின் குறிப்பு. ஜோத்பூர்க் கிளையில் அந்தப் பையனிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லவும். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.