எடைக்குப் போட்டுவிடாதே

அன்புள்ள செல்வம்,

பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஸ்டுடியோவைக் காலி செய்கிறேன், பரணில் கிடக்கும் நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, இன்னும் போடவில்லை என்றால் கொஞ்சம் பொறு.

போன வாரம் சிட்னியிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி ஹில் எண்ட் போயிருந்தோம். ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம், நூறு பேர் இருந்தால் பெரிது. மிஞ்சியிருக்கும் பார் ஒன்றே ஒன்று, சாயங்காலமானால் தெருவில் கங்காருக்கள் மேய்கின்றன. இதே ஊரில் 1870களின் தொடக்கத்தில் தங்கம் தேடி வந்தவர்கள் சுமார் 8,000 பேர்! 1872 அக்டோபர் 19 அன்று இங்கே ஒரு சுரங்கத்தில் 286 கிலோ எடையில், கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஒரே பாளமாகக் கல் கிடைத்தது, அதில் தங்கம் மட்டும் சுமார் 93 கிலோ. உடைத்து, அரைத்து, உருக்கிவிட்டார்கள்.

சுரங்கத்தின் பங்காளி ஹோல்டர்மன் என்ற ஜெர்மன்காரர் அந்தக் கல்லின் மேல் கை வைத்து நிற்கிற போட்டோ ரொம்பப் பிரபலம். அது ஒட்டு வேலை, நீ கல்யாண ஆல்பத்தில் தாஜ்மகாலை ஒட்டுவாயே, அதே வித்தைதான்.

ஆனால் மனுஷன் ஒரு நல்ல காரியம் செய்தார். மெர்லின், பேலிஸ் என்ற இரண்டு போட்டோகிராபர்களுக்குப் பணம் கொடுத்து ஊர் ஊராக எடுக்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டிய காலம், உனக்கு நான் சொல்லவா வேண்டும். அப்படி வீடு வீடாக, கடை கடையாக, வாசலில் ஆட்களை நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். பிறகு அத்தனையும் மறந்துபோய், 1951-ல் சிட்னி சாட்ஸ்வுட்டில் ஒரு தோட்டத்துக் கொட்டகையிலிருந்து சுமார் 3,500 தகடுகள் கிடைத்தன. இப்போது மாநில நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஊரில் காலி மனைகளில் அந்தப் படங்களைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பின்னால் வெறும் புல், ஒரு செங்கல் புகைபோக்கி. படத்திலோ கடை, திண்ணையில் ஒரு குடும்பம், ஆடாமல் நிற்கத் தெரியாத சின்னப் பையனுக்கு மட்டும் முகம் கலங்கல். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன், என் மனைவி ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்தப் பரணில் நம் தெருவே இருக்குமடா. ஜனவரியில் வருகிறேன், இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரிக்கலாம். அதுவரை ஈரம் படாமல் வை. முட்டி வலி இப்போது எப்படி?

அன்புடன்,
ரவி