செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் வெயிலோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானங்களைப் படித்து ஒப்புதல் வாங்கியாயிற்று. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் சங்கமான நம்முடைய மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வழக்கம்போல இந்த அறிக்கையிலும் யார் பெயரும், யார் ஊரும் வராது.

மருந்து விஷயத்தில் பெரிதாகக் குறையில்லை. அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். இன்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் சில மாதங்களுக்கு உரியதையும் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த ஆண்டு நம் நேரத்தை விழுங்கியது உதவித்தொகைதான். மாத்திரை நன்றாக வேலை செய்யச் செய்ய, உதவி கேட்டுப் போகிற இடத்தில் "பார்த்தா நல்லாத்தானேம்மா இருக்கே" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் கூலி போச்சு. விஷயம் தெரிந்துவிட்டால் சித்தாள் வேலைக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலிலும் எச்.ஐ.வி. இல்லை, அதனால் அந்த உதவித்தொகையும் கிடையாது.

ஜனவரிக் கூட்டத்துக்கு ஓர் உறுப்பினரின் தம்பி வந்திருந்தார், லண்டனில் வேலை. அங்கே எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த நாளிலிருந்தே சட்டப்படி மாற்றுத்திறனாளிதான். ஆனால் 2013 ஏப்ரலிலிருந்து பழைய உதவித்தொகையை எடுத்துவிட்டு 'பிப்' என்று புது உதவித்தொகை ஒன்றைக் கொண்டுவந்தார்களாம். சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். காலவரையின்றித் தருகிறோம் என்று முன்பு சொல்லப்பட்டவர்களும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. "அங்கேயுமா?" என்று ஒரு அக்கா கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நமக்கு நடைமுறையில் கைகொடுப்பது விதவை ஓய்வூதியம். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். இதையும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் விதவை ஓய்வூதியத்தை வலியுறுத்துவதற்கு 200 ரூபாய் வித்தியாசம் மட்டும் காரணமில்லை. அந்த மனுவில் நம் நோயைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இது தெரியாமல் ஒரு தங்கை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவர் ஊருக்குப் பக்கத்து இ-சேவை மையத்தில், இருக்கிற காகிதம் எல்லாம் தேவைப்படும் என்று நினைத்து, மஞ்சப்பையிலிருந்த ஏ.ஆர்.டி. சிகிச்சைக் குறிப்பேடான பச்சைப் புத்தகத்தையும் சேர்த்து மேசைமேல் வைத்துவிட்டார். அங்கிருந்தவர் அதைப் புரட்டி, "இது எதுக்கும்மா?" என்று நோயின் பெயரையே சத்தமாகச் சொல்லிக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றது அவருடைய தெருக்காரர்கள். மனுப் போடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிற 2017 எச்.ஐ.வி. சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுக்கலாம், வழக்கில் பெயரை மறைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தோம். அவருக்கு மனம் வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அப்புறம் மதுரையிலேயே வேறு மையத்தில் பதிவு செய்தோம். இப்போது பணம் வருகிறது.

இன்னொரு அக்காவுக்கு வேறு பயம். கணவரின் இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதியிருக்குமே என்று அதை டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, வெளியே கொடுக்கும் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்கக் கூடாது. எடுத்துவரச் சொல்லி, வரிக்கு வரி வாசித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

ரேஷனிலும் நோயைச் சொல்லாமல் கேட்பதுதான் யோசனை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள எச்.ஐ.வி. குடும்பங்களையும் பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் திட்டத்தில் சேர்க்கலாம் என்று 2009-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மாதம் 35 கிலோ அரிசி. ஆனால் நிரந்தர வருமானமில்லாத, விதவை தலைமையிலான குடும்பத்துக்கும் அதே திட்டத்தில் இடமுண்டு. அந்த வழியாகக் கேளுங்கள். இரண்டு வழியிலும் அரிசி ஒன்றுதான்.

ஓய்வூதியப் பணம் வாங்கும்போது கைரேகை விழாதவர்கள், பணம் கொண்டுவரும் வங்கி முகவரின் மெஷினோடு மல்லுக்கட்டாமல் பாஸ்புக்கோடு நேரே வங்கிக் கிளைக்குப் போய்விடுங்கள்.

மனைவியை இழந்த ஆண்களுக்கும் தனியாக இருக்கும் ஆண்களுக்கும் 60 வயது ஆகும்வரை விதவை ஓய்வூதியம்போலச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இதில் நாம் ஒன்றும் சாதிக்கவில்லை. ஆட்சியர் அலுவலகத்துத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு தயார். கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. சங்கத்தின் பெயரில் நானும் தலைவரும் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பொதுக்குழு சரி என்றால் வருகிற திங்களே போகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கட்டிவிட்டால் அவருக்கு உதவியாக இருக்கும்.