கண்ணாடி மாளிகை வீண்செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மண்டபத்தில் மூத்தோருக்காக, இளவரசன் சலீம், பணிப்பெண் அனார்கலி காதலைச் சொல்லும் பழைய இந்திப் படமான ‘முகல்-எ-ஆசம்’ படத்தைத் திரையிட்டதைக் கண்டித்து ஓர் அன்பர் எழுதிய கடிதத்தைச் சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் படித்தேன். ரப்பர் தோட்டத்தில் வியர்வை சிந்தி வளர்ந்தவர்களுக்கு அரண்மனைக் காதலும் முத்து மாலையும் எதற்கு, எல்லாம் வெறும் ஆடம்பரம், போதாக்குறைக்கு வரலாற்றுப் பொய் என்கிறார். நான் அந்தத் திரையிடலுக்குப் போயிருந்தவள். பால்மரம் வெட்டியவரின் மகள். தையல் மெஷினை மிதித்தே பிள்ளைகளைக் கரையேற்றியவள்.

பொய் என்றால் பொய்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. அக்பரின் அரசவை எழுதிவைத்த வரலாற்றில் அனார்கலி இல்லை. 1600களின் தொடக்கத்தில் லாகூருக்கு வந்த வில்லியம் பிஞ்ச் என்ற ஆங்கிலேயர் காதில் விழுந்த ஊர்ப்பேச்சை எழுதிவைத்தார். 1922-இல் உருது எழுத்தாளர் இம்தியாஸ் அலி தாஜ் அதை நாடகமாக்கினார். பிறகு சினிமா பிடித்துக்கொண்டது. சலீம் தந்தை அக்பரை எதிர்த்துக் கிளம்பியது மெய், ஆனால் அது அரியணைக்காக. 1602-இல் அக்பரின் நெருங்கிய அமைச்சர் அபுல் பசலை ஆள்வைத்துக் கொன்ற இளவரசன் காதலுக்காக மட்டும் உருகிக்கொண்டிருந்தான் என்று நம்பும் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அல்லி அர்ச்சுனனைப் படுத்திய பாட்டை விடிய விடியப் பார்த்த எங்கள் பாட்டிமார், அல்லிக்குக் கல்வெட்டு உண்டா என்று கேட்டதில்லை.

ஆடம்பரம் என்ற சொல்தான் எனக்குக் கசக்கிறது. அந்தப் படத்தின் உடுப்புகளைத் தைக்க டில்லித் தையற்காரர்கள் வந்தார்கள். பூவேலைக்குச் சூரத், கம்பாத் பக்கத்துக் கைகள். நகைக்கு ஹைதராபாத் பொற்கொல்லர்கள், கிரீடத்துக்குக் கோலாப்பூர்க்காரர்கள், வாளுக்கும் கேடயத்துக்கும் ராஜஸ்தான் கொல்லர்கள். செருப்புகூட ஆக்ராவிலிருந்து வந்தது. ஒரு ரவிக்கையின் கைக்கு கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியில் மணி கோத்து முடித்தால் எனக்குக் கழுத்து திரும்பாது. அத்தனை அங்கிகளுக்கும் அத்தனை பேர் குனிந்திருக்கிறார்கள். உங்கள் சினிமா பக்கத்தையும் இந்த இடத்தில் குறைசொல்லியாக வேண்டும். எந்த அரண்மனைப் படம் வந்தாலும் எத்தனை கோடி செலவு, எத்தனை கோடி வசூல் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். கதாநாயகியின் தாவணியில் பூ போட்டது யார் என்று ஒரு வரி போட்டதுண்டா? தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே கைப்பேசியில் நடிகையின் படத்தைக் காட்டி ‘ஆன்ட்டி, இதே மாதிரி’ என்று என்னிடம் வருகிற பெண்களுக்கு, அது எத்தனை நாள் வேலை என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடுகிறது.

படத்தில் அனார்கலி ஆடும் கண்ணாடி மாளிகைக்கு வருகிறேன். லாகூர்க் கோட்டையில் உள்ளதைப் பார்த்துப் போட்ட செட் அது. நீளம் 150 அடி, அகலம் 80 அடி, உயரம் 35 அடி. கட்டி முடிக்க இரண்டு ஆண்டு ஆனது. பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது. விளக்கைப் போட்டால் ஒளி திரும்பி வந்து கேமராவின் கண்ணைக் கூசச் செய்தது. படமெடுக்கவே முடியாது என்று பலர் கைவிரித்தார்கள். ஒளிப்பதிவாளர் ஆர். டி. மாத்தூர் துணியில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துச் சமாளித்தார். கடைசியில் துணிதான் கைகொடுத்தது என்பதில் என்னைப் போன்றவளுக்கு ஒரு தனிக் கர்வம்.

இவ்வளவையும் செலவழித்து அந்த இயக்குநர் கே. ஆசிப் என்ன காட்டினார்? காதலித்தபின் அச்சம் எதற்கு என்று ஓர் அரண்மனைப் பணிப்பெண் பேரரசர் முகத்துக்கு நேரே ஆடுகிறாள். அக்பர் அண்ணாந்து பார்த்தால் கூரையின் ஒவ்வொரு சில்லிலும் அவளே ஆடுகிறாள். அவருடைய மாளிகை, அவருடைய கண்ணாடி. அவராலேயே அவள் பிம்பத்தை அழிக்க முடியவில்லை. நாலு தகரச் சுவருக்குள் இதே பாட்டை ஆடியிருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அரியணை எவ்வளவு கனமோ, அதன்முன் நிமிர்வதும் அவ்வளவு கனம். அந்தக் கனத்தைக் காட்டத்தான் முத்தும் சரிகையும்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இங்கே போட்டது 2004-இல் வண்ணமேற்றி வெளியிட்ட பிரதி. 1960-இல் வந்த படத்தில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. இந்தப் பாட்டிலும் முடிவுப் பகுதியிலும் மட்டும் வண்ணம் வரும். அவள் துணிந்ததும் திரைக்கே நிறம் வந்துவிட்டது போல இருக்கும். எல்லாவற்றுக்கும் நிறம் பூசியதில் அந்தத் திடுக்கிடல் போயிற்று. வெல்வெட்டெல்லாம் கடை பொம்மைக்குப் போர்த்தியது போல் ஆயிற்று. கறுப்பு வெள்ளையில்தான் சரிகை எங்கே ஓடுகிறது என்று என் கண்ணுக்குத் தெரியும்.

தோட்டத்து மக்களுக்கு அரசவை எதற்கு என்று கேட்ட அன்பருக்கு ஒன்று. நாம் வளர்ந்ததே அரசவையில்தான் ஐயா. மேட்டில் துரை பங்களா. அவ்வழியே போனால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளவேண்டும். கீழே கிராணி என்ற குமாஸ்தாவின் வீடு, அதற்குக் கீழே மண்டோர் என்ற கங்காணி, எல்லாவற்றுக்கும் கீழே தொழிலாளர் குடியிருந்த லயம். எங்கள் தோட்டத்தில் கிராணி மகனும் புல்வெட்டுக்காரியின் மகளும் பழகியது தெரிந்ததும், இரவோடு இரவாகத் தாயையும் மகளையும் சட்டிபானையோடு லோரியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர்கள் பெயரைக் கூப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. படத்திலும் அக்பர் அனார்கலியைக் கொல்வதில்லை. தாயோடு சுரங்கப் பாதையில் அனுப்பிவிடுகிறார். சலீமுக்கு அது தெரியவே கூடாது. அந்த இடத்தில் என் வரிசையில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தியது மொகலாயர்களுக்காக என்று நினைக்கிறீர்களா? கூட வந்திருந்த என் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக்சிக்கும்தான் அழுதார். இந்திப் படம் என்றால் அவர் எனக்கு மேல்.

மண்டபத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாதம் இன்னொரு அரண்மனைப் படம் போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. தாராளமாகப் போடுங்கள். ஆனால் நாங்கள் பார்த்த இந்தப் படமே ஏறத்தாழ மூன்று மணி நேரம். எங்கள் வயதுக்கு ஒரே ஓர் இடைவேளை போதாது. இரண்டாக விடுங்கள். கழிவறைச் சாவியையும் காவலாளி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.