பத்து நாளில் பச்சை குத்தக் கற்றுவிட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியம் வரையத் தெரிந்த இளைஞர்களுக்கு ஏற்ற தொழிலாகப் பச்சை குத்தும் கலை இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுவதையும், பத்து நாள் பயிற்சியின் முடிவில் இயந்திரமும் சான்றிதழும் தருவதாக விளம்பரங்கள் வருவதையும் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் நான், புதியவர்கள் வருவதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பத்து நாள் பழகிய கையிடம் பிறர் உடம்பை ஒப்படைப்பது தவறு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

காகிதத்தில் அழகாக வரைபவர்களும் தோலில் முதல் கோடு இழுக்கும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காகிதம் நெகிழ்வதில்லை, வீங்குவதில்லை, வலி தாங்காமல் அசைவதுமில்லை. மை தங்க வேண்டிய இடம் மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோல். அதற்கு ஊசி ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் செல்ல வேண்டும். மேல்தோலோடு நின்றுவிட்டால், தோல் உதிர்ந்து புதுப்பிக்கும் சில வாரங்களில் மையும் உதிர்ந்துவிடும். அளவுக்கு மீறி இறங்கினால் மை அடித்திசுக்களில் பரவிக் கோட்டைச் சுற்றி நீலம் பாய்ந்த நிழலாகப் படிந்துவிடும். மணிக்கட்டின் உட்புறத் தோலும் முதுகுத் தோலும் ஒரே தடிமன் கொண்டவை அல்ல என்பதால், எங்கே எவ்வளவு அழுத்துவது என்பதைக் கை மட்டுமே கற்றுக்கொள்ள முடியும். நான் பழகிய காலத்தில் நண்பர் ஒருவர் நம்பிக்கையோடு நீட்டிய மணிக்கட்டில் இத்தகைய நிழல் ஒன்றை உண்டாக்கிவிட்டேன். அவர் இதுவரை ஒரு சொல்கூடக் கடிந்து பேசியதில்லை. எனக்கோ அந்தக் கையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது.

கோடு தவறினால் அழகுதான் கெடும். சுத்தம் தவறினால் உடம்பே கெடும். இரத்தத்தால் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூட, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கையுறை அணிந்த கையால் வேலையின் நடுவே கைப்பேசியைத் தொடுவது, விளக்கைத் திருப்புவது, மைப் புட்டியைத் திறப்பது ஆகிய சின்னஞ்சிறு செயல்களால் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அறை முழுவதும் பரவிவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்திய ஊசியும், சிறு கிண்ணத்தில் ஊற்றிய மையும் அடுத்தவருக்கு ஒருபோதும் ஆகா. மீண்டும் பயன்படுத்தும் உலோகப் பிடிகளை வெந்நீரில் போட்டெடுப்பதோ ஸ்பிரிட்டால் துடைப்பதோ போதாது. நன்றாகக் கழுவி, பொதியில் இட்டு, ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கருவியில் 121 பாகை செல்சியஸில் பொதுவாக 30 நிமிடங்கள் வைக்க வேண்டும். அந்த ஆட்டோகிளேவ் உண்மையிலேயே கிருமிகளைக் கொல்கிறதா என்பதையும் எளிதில் சாகாத கிருமி வித்துகளைக் (ஸ்போர்) கொண்ட சோதனைப் பட்டையால் அவ்வப்போது பார்க்க வேண்டும். கற்பவர் தமக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசித் தவணைகளை முடித்துக்கொண்ட பிறகே ஊசியைத் தொட வேண்டும் என்று பயிற்சி தருபவர்கள் வற்புறுத்துவது அவர்களின் கடமை.

மையைப் பற்றிய அறிவும் இத்தொழிலின் பகுதியே. பச்சை குத்துமிடத்தில் செலுத்தப்படும் நிறமிகள் வாழ்நாள் முழுவதும் உடலுக்குள் இருப்பவை. அவற்றில் சிவப்பு நிறம் ஒவ்வாமைக்குப் பெயர் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து இந்த மைகளில் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. புட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இல்லாத மையை வாங்கக் கூடாது என்பதையாவது முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும்.

மறுக்கக் கற்பதற்குத்தான் எனக்கு நெடுங்காலம் பிடித்தது. மச்சத்தின் மேல் குத்தினால் பின்னாளில் அதில் தோன்றக்கூடிய புற்றுநோயின் அறிகுறி மைக்கு அடியில் மறைந்துபோகலாம். தழும்பு தடித்து வளரும் இயல்புள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர், மது அருந்திவிட்டு வருபவர், வயது நிரம்பாதவர் என எத்தனையோ பேர் ஆசையோடு வந்து அமர்வார்கள். வருமானம் குறைவாக இருக்கும் தொடக்க காலத்தில் அவர்களைத் திருப்பி அனுப்ப மனத்துணிவு வேண்டும். அருகில் ஒரு மூத்தவர் இருந்தால்தான் அந்தத் துணிவு வருகிறது.

ஆகவே கற்க விரும்புவோர், அனுபவமுள்ள கலைஞர் ஒருவரிடம் ஓராண்டுக்குக் குறையாமல் உடனிருந்து பழகுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வருபவர்கள் முதல் சில மாதங்கள் மேசையை உறையிட்டு ஆயத்தம் செய்வதும், வேலை முடிந்தபின் கூர்முனைக் கழிவுகளை உரிய பெட்டியில் சேர்ப்பதும், படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை வளைந்த தோள்களின் மேல் கோணாமல் ஒட்டிப் பழகுவதும் மட்டுமே செய்கிறார்கள். அதன் பின்னர் ரப்பரால் ஆன பயிற்சித் தோல்; அதில் கை நிலைத்த பிறகு அவர்களின் சொந்தத் தொடை. இந்தத் தொழிலைப் பற்றித் தாங்கள் இனி வெளியிடும் செய்திகளில், ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் அங்கே ஆட்டோகிளேவ் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்குமாறு இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பச்சை குத்தும் கலைஞர் ஒருவர்